மேற்பெருஞ்சிரை அழுத்தம்: காரணங்கள் மாறிய வரலாறும் பெங்களூரின் பாடமும்

முன்னுரை

தலை, கழுத்து, கைகள், மேல்மார்பு ஆகியவற்றின் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழி மேற்பெருஞ்சிரை. நீளம் ஏறத்தாழ 7 செ.மீ., அகலம் 2 செ.மீ. சுவர் மெல்லியது, உள்ளழுத்தமும் குறைவு. அதனால் அருகிலுள்ள பெருந்தமனியோ நிணநீர் முடிச்சுகளோ வீங்கினால் எளிதில் நசுங்கிவிடும். அப்படி நசுங்குவதன் காரணம் காலந்தோறும் மாறிவந்திருக்கிறது. காரணத்தைத் தேடிப்போன போதெல்லாம் மருத்துவம் முன்னேறியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொற்றுநோய்களின் காலம்

1757இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் இந்நிலையை முதன்முதலில் விவரித்தார். அவர் பார்த்த நோயாளிக்குச் சிபிலிஸால் பெருந்தமனி புடைத்திருந்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1954இல், ஆய்வாளர் ஷெக்டர் 274 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்தபோதும் சுமார் 40 விழுக்காட்டினருக்குக் காரணம் சிபிலிஸ் வீக்கமோ நெஞ்சக நடுப்பகுதிக் காசநோயோதான். பெனிசிலினும் காசநோய் மருந்துகளும் பரவிய பிறகே அந்தக் கணக்கு மாறியது.

அந்த மாற்றத்தில் தென்னிந்தியாவுக்குப் பெரும் பங்குண்டு. சானடோரியத்தில் சேராமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்பதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1959இல் காட்டியது. அதே ஆண்டு பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தோன்றியது. தும்கூர் மாவட்டக் கிராமங்களில் அது நடத்திய ஆய்வு, இருமலோடு மருத்துவமனைக்குத் தாமாகவே போனவர்கள் நோய் கண்டறியப்படாமல் திரும்பியதை வெளிப்படுத்தியது. 1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் இத்தகைய ஆய்வுகளின்மேல் எழுந்ததே.

புற்றுநோயின் காலம்

பிறகு நுரையீரல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவும் முன்னுக்கு வந்தன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957இல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. பெங்களூரில் 1973இல் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. இச்சிரை அடைபட்டதால் முகம் வீங்கி, மார்புத் தோலில் ரத்தநாளங்கள் புடைத்து, படுத்தால் மூச்சு முட்டும் நோயாளியைக் கண்டதும் திசுச் சோதனைக்கு (பயாப்சி) காத்திராமல் கதிர்வீச்சு கொடுப்பதே அக்கால உலக வழக்கம்.

107 நோயாளிகளை ஆராய்ந்து 1981இல் வெளியான ஆய்வு இந்த அவசரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. சிரை மெதுவாக அடைபடும்போது ரத்தம் பக்கவழி நாளங்களைத் தேடிக்கொள்ளும். ஆகவே பெரும்பாலோருக்குப் பயாப்சி எடுக்க நேரமிருக்கிறது. மூச்சுக்குழல் நசுங்கியவர்களுக்கும் மூளை வீக்கத்தால் நினைவு தடுமாறுபவர்களுக்கும் மட்டும் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குக் கைகொடுப்பது, 1986இல் இச்சிரையில் முதன்முதலாகப் பயன்பட்ட ஸ்டென்ட் என்னும், சிரையை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய். ஓரிரு நாளிலேயே வீக்கம் வடியத் தொடங்கும். ஆனால் அடிப்படை நோய் அப்படியே இருக்கும்.

நம் நாட்டில் பயாப்சியின் மதிப்பு இன்னும் கூடுதல். காய்ச்சல், எடைக் குறைவு, நெஞ்சுக்குள் வீங்கிய முடிச்சுகள் ஆகியவை காசநோயிலும் உண்டு, லிம்போமாவிலும் உண்டு. சி.டி. படம் மட்டும் எப்போதும் பிரித்துச் சொல்லாது. பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா தற்காலிகமாகச் சுருங்கி, திசுவில் தன் அடையாளத்தையே மறைத்துவிடக்கூடும்.

கருவிகளின் காலம்

இன்று டயாலிசிஸ் குழாய்களும் பேஸ்மேக்கர் கம்பிகளும் புதிய காரணங்களாகியுள்ளன. இங்கே வெளியிலிருந்து அழுத்தம் இல்லை. உள்ளே உரசும் குழாயால் சிரைச் சுவர் தடித்துச் சுருங்குகிறது, ரத்தம் உறைகிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் இச்சிகிச்சையை மாவட்ட மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றது. தற்காலிகமாகக் கழுத்தில் போட்ட குழாய் மாதக்கணக்கில் அங்கேயே தங்கினால் சேதம் கூடும்.

முடிவுரை

சிபிலிஸும் காசநோயும் தந்த அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தவை, அந்நோய்களை முன்கூட்டியே கண்டறிந்து தீர்த்த மருந்துகளும் திட்டங்களும்தான். சிரையைத் திறக்கும் கருவிகள் பின்னரே வந்தன. அதே முறை சிறுநீரக நோயாளிக்கும் பொருந்தும். டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்தவுடனேயே கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அமைத்துவிட்டால், கழுத்துக் குழாயைத் தவிர்க்கலாம் அல்லது விரைவில் எடுத்துவிடலாம். பெங்களூரானாலும் தும்கூரானாலும் அந்தச் சிறு அறுவைச் சிகிச்சை உரிய காலத்தில் கிடைக்கச் செய்வதே நம் அடுத்த கடமை.