கையுறை விலையில் சேராத கடன்: சிங்கப்பூர் மருத்துவமனைக் கொள்முதல் குறித்து ஒரு மறுவாசிப்பு

சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளின் நிதி பற்றிய ஆய்வுகள் ஒரே தடத்தில் நடந்து பழகிவிட்டன. 1985இல் தொடங்கிய நிறுவனமயமாக்கல், 1993ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை, 1999இல் வந்த நோய்வகை சார்ந்த மானியம் எனக் கடந்து, சுகாதாரக் குழுமங்களுக்குப் பொதுவாகக் கொள்முதல் செய்ய 2018இல் உருவான ஆல்ப்ஸ் நிறுவனத்தில் வந்து அவை நிற்கின்றன. தேவையைத் திரட்டி வாங்கினால் விலை குறையும், விலை குறைந்தால் மருத்துவமனை நிலைக்கும் என்பதே அவற்றின் முடிபு. பொருளைச் செய்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்ற கேள்வி அங்கே நன்னெறி சார்ந்த பின்னிணைப்பாகவே வருகிறது. புலம்பெயர் உழைப்பை ஆராய்வோரோ ஆலை வாசலோடு நின்றுவிடுகிறார்கள். மருத்துவமனையின் கணக்கேட்டை அவர்கள் திறப்பதில்லை. இவ்விரு கணக்கும் ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் பரிசோதனைக் கையுறை. ஆதாரம், ஓர் அரசுத் துறை அறிவிப்பில் உள்ள ஒரே ஒரு தொகை.

மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனம் உலகின் மிகப் பெரிய கையுறை உற்பத்தியாளர். 2016 முதல் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையிலும் இடம்பெற்றுள்ளது. அதன் இரு துணை நிறுவனங்களின் சரக்கை 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை நிறுத்திவைத்தது. 2021 மார்ச்சில், கட்டாய உழைப்புக்குச் சான்று உண்டு என்று முறைப்படி அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடையை நீக்கியபோது, நிறுவனம் தொழிலாளர்களுக்கு 3 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் இழப்பீடு வழங்கியதையும், வேலை, தங்குமிட நிலைமைகளைச் சீர்செய்ததையும் காரணமாகக் காட்டியது. அத்தொகையின் பெரும்பகுதி, வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை பெறுவதற்காக முகவர்களிடம் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாகும்.

இந்தத் தொகையை ஆய்வாளர்கள் அபராதம்போல வாசித்திருக்கிறார்கள்: தவறு நடந்தது, பணம் கட்டப்பட்டது, வழக்கு முடிந்தது. இந்த வாசிப்பு எனக்கு உடன்பாடில்லை. பொருள் விற்றபோது விலையில் சேராமல் விடுபட்ட செலவு, காலந்தாழ்ந்து கணக்கில் ஏறியதையே அத்தொகை காட்டுகிறது. அதுவரை அந்தச் செலவைச் சுமந்தவர் ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கியவர். மருத்துவமனைகள் குறைந்த விலைக்கு வாங்கினோம் என்று பெருமைப்பட்ட ஆண்டுகளில், அந்த விலையின் ஒரு பகுதியை அவரே கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தொகையை வேறு இரு எண்களுக்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக்கு முந்தைய 2019 நிதியாண்டில் அந்நிறுவனத்தின் நிகர லாபம் 36 கோடி ரிங்கிட்டுக்குச் சற்று மேல். 3 கோடி டாலர் என்பது ஏறத்தாழ 12 கோடி ரிங்கிட். அதாவது, ஒரு சாதாரண ஆண்டு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே நிறுவனம் 2021 நிதியாண்டில் ஈட்டிய லாபமோ 770 கோடி ரிங்கிட்டையும் தாண்டியது. அந்த ஆண்டில் இத்தொகை கண்ணுக்கே தெரியாது. தொற்றுக்காலக் கொள்ளை லாபம் இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு விரைவாக இத்தொகை பட்டுவாடா ஆகியிருக்குமா என்று கேட்பதில் நியாயம் உண்டு.

இனி வாங்குபவர் பக்கம். அந்நிறுவனத்தின் ஆண்டு உற்பத்தித் திறன் பெருந்தொற்றுக்கு முன் 7,000 கோடி கையுறை அளவில் இருந்தது. முழு இழப்பீட்டையும் ஒரே ஆண்டின் உற்பத்தி மீது ஏற்றினாலும், நூறு கையுறை கொண்ட ஒரு பெட்டிக்கு நான்கு அமெரிக்கக் காசு அளவில்தான் கூடும். ஆயிரம் கையுறையின் ஆலைவிலை அப்போது 20 டாலரை ஒட்டி இருந்ததால், இது விலையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. உண்மையில் அந்தக் கடன்கள் பல ஆண்டுகளில் சேர்ந்தவை. அதன்படி பிரித்தால் பங்கு இன்னும் சுருங்கும். இவை தோராயக் கணக்குகள். உற்பத்தித் திறன் முழுவதும் விற்பனையாவதில்லை, நாணய மாற்று விகிதமும் நிலையாக இருந்ததில்லை. எண்களை இரு மடங்காக்கினாலும் முடிபு மாறாது என்பதால்தான் துணிந்து சொல்கிறேன்: விற்பவருக்கு லாபத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கனக்கும் சுமை, வாங்குபவருக்கு விலையில் நூற்றில் இரண்டு. குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற விதி இருக்கும்வரை எந்த ஆலையும் தானாக முன்வந்து அச்சுமையை ஏற்காது. அதை ஏற்க வைக்கும் ஆற்றல் ஒப்பந்தப்புள்ளி கோருபவரிடம்தான் இருக்கிறது.

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் கையுறையின் தரத்தைக் கேட்பதில் சளைத்தவை அல்ல. ஒரு கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஊசித்துளை வழியே கசிகிறதா என்று பார்க்கும் சோதனை உலகெங்கும் உண்டு. வார்டுச் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து தாதி உருவும் ஒவ்வொரு கையுறையும் அப்படிச் சோதிக்கப்பட்ட தொகுதியில் ஒன்று. அதே கையுறையை அச்சிலிருந்து உரித்தவர் எவ்வளவு கடனோடு வந்தார் என்பதற்கு அந்த ஆவணத்தில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

விடுபட்ட செலவு மருத்துவமனைக்கே திரும்பி வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2020 நவம்பரில் கிள்ளானில் அந்நிறுவன ஊழியர் விடுதிகளில் கிருமித்தொற்று பரவி, பாதிக்கப்பட்டோர் 5,000ஐத் தாண்டினர். 28 ஆலைகளைப் படிப்படியாக மூட வேண்டியதாயிற்று. கையுறை பொன்னாக இருந்த நேரத்தில் சரக்கு தாமதமானது. நெருக்கியடித்துத் தங்கவைத்து மிச்சம் பிடித்த பணம், விநியோகத் தடையாக விலை கேட்டது. சிங்கப்பூருக்கு இது அயலூர்ச் செய்தியல்ல. அதே ஆண்டு ஏப்ரலில் இங்குள்ள ஊழியர் தங்கும் விடுதிகளில் தொற்று வெடித்தது. டிசம்பருக்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாகச் சுகாதார அமைச்சின் சோதனைகள் காட்டின. கட்டுமானக் குத்தகையில் மிச்சமானது சுகாதாரச் செலவில் கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை லெம்பு ரோட்டுத் திடலில் கூடும் வங்காளதேசத்து ஊழியர்களிடம் முகவருக்குக் கட்டிய தொகையைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். சற்றுத் தள்ளி, புக்கித் தீமா சாலையில் இருக்கிறது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. நிதி ஆய்வுகள் இந்தச் சிறு தூரத்தைக் கடக்கவில்லை என்பதே என் குறை.

செலவை வாங்குபவரும் முதலாளியும் ஏற்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்குத் தமிழர் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவர 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், வேலை நடந்த நாள்கணக்கின்படி அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியே கப்பலேறியவரின் பயணச்செலவு அந்த நிதியிலிருந்து போனது. வந்திறங்கும் கூலிக்குக் கப்பல் கடன் இருக்கக் கூடாது என்பது அதன் விதி. இந்நிதி துரைமார் கூலியைத் தாழ்த்தி வைக்க ஆள்வரத்தைப் பெருக்கிய கருவி என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது சரியே, ஆள்சேர்த்து மேய்த்த கங்காணியின் கொடுமை அதனால் ஒழியவில்லை, 1938இல் இந்திய அரசு தடைபோட்ட பிறகே அந்த ஆள்சேர்ப்பு நின்றது. ஆனால் அந்த விமர்சனத்தின் நிழலில் ஒரு செய்தி மறைந்துவிட்டது. பயணச்செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றாமல், எல்லா முதலாளிகள் மீதும் சமமாகப் பரப்பி, பொருளின் அடக்கவிலையில் சேர்க்கும் ஏற்பாடு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே நிலப்பரப்பில் நடந்திருக்கிறது. எல்லோரும் கட்டியதால், கட்டியவர் போட்டியில் பின்தங்கவில்லை. இன்றைய கையுறை பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் நைட்ரைல், பால்மரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை எனலாம். நான் ஒப்பிடுவது மரத்தையல்ல, கடனை.

சில மறுப்புகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சிங்கப்பூர் சிறிய சந்தை என்பார்கள். தேவையைத் திரட்டி வாங்கத்தானே ஆல்ப்ஸ் உருவானது. ஆலைகளில் தொழிலாளர் நிலை பற்றிய தணிக்கை அறிக்கைகளை நம்ப முடியாது என்பதும் உண்மையே. ஆகவே நான் தணிக்கையை முன்மொழியவில்லை.

கனமான மறுப்பு வேறு: மானியம் மிகுந்த சி வகுப்பு வார்டில், வசதியற்றோருக்கான மெடிஃபண்ட் நிதியின் உதவியோடு படுத்திருக்கும் முதியவர், கிள்ளான் ஆலை ஊழியரின் முகவர் கட்டணத்தை ஏன் ஏற்க வேண்டும்? 2 விழுக்காடு என்ற எண் இதற்கு ஒரு பகுதிப் பதில். மீதிப் பதில் 2020 பிப்ரவரியில் கிடைத்தது. தொற்றுப் பரவல் தொடங்கியபோது சிங்கப்பூரில் 13 லட்சம் குடும்பங்களுக்குத் தலா நான்கு முகக்கவசம் வழங்க முடிந்ததற்குக் காரணம், அன்றாடத் தேவைக்கு மேல் வாங்கிக் கையிருப்பில் வைத்திருந்ததுதான். அந்தக் கையிருப்புக்கு ஆண்டுதோறும் ஆன செலவை யாரும் வீண்செலவு என்று சொல்வதில்லை. தடையற்ற விநியோகத்துக்காகக் கிடங்குச் செலவை ஏற்கும் அமைப்பு, அதே காரணத்துக்காக ஆலை விடுதிச் செலவையும் ஆள்சேர்ப்புச் செலவையும் ஏற்க மறுப்பது பொருந்தாது.

ஆகவே ஒப்பந்தத்தில் வேண்டியது ஒரு பிரிவு. ஆலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஆள்சேர்ப்புச் செலவை முதலாளியே கட்ட வேண்டும். ஏற்கெனவே கட்டியவருக்கு, அவர் வேலையில் சேர்ந்த முதல் காலாண்டுக்குள் திருப்பித் தர வேண்டும். முகவர்கள் ரசீது தருவதில்லை என்பதால் ரசீதைச் சான்றாகக் கேட்கக் கூடாது. இன்ன ஊரிலிருந்து வர இவ்வளவு என்று ஊர்வாரியாக ஒரு நிலைத்தொகையை நிர்ணயித்து, அதை ஊழியர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அத்தொகையை ஒப்பந்தப்புள்ளியில் தனி வரியாகக் காட்டி, விலை ஒப்பீட்டிலிருந்து அந்த வரியை நீக்கிவிட வேண்டும். அப்போது அச்செலவை ஏற்ற ஆலை, ஏற்காத ஆலையிடம் விலையில் தோற்காது.