பின்பக்க ஷாக் அப்சார்பர்: வீட்டில் மாற்றுவோர் கவனத்திற்கு

திருவனந்தபுரம் மாவட்டம் கல்லாறிலிருந்து பொன்முடி செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய சாலைகளில், ஷாக் அப்சார்பர் தேய்ந்த பழைய கார்களின் சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கக்கூடும். எண்ணெய்க் கசிவு, பள்ளத்தில் இறங்கி ஏறிய பின்னும் வண்டி தொடர்ந்து ஆடுவது ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள்.

வீட்டில் மாற்றுவோர், சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரின் பின்பகுதியை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் செல்லக் கூடாது. போல்ட்டுகளைக் கழற்றுமுன் பின் அச்சுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையெனில் அச்சு திடீரெனக் கீழிறங்கும்.

இரு பக்கமும் ஒருசேர மாற்றுவது அவசியம். ரப்பர் புஷ் பொருந்திய போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். சுருள்வில்லுடன் இணைந்த வகையாயின், பணிமனையை நாடுவதே பாதுகாப்பானது.