தண்டில் தேடும் முன்னோர்

1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் படைப்பாளையம் நிறுவினர். நம் மக்கள் ‘தண்டு’ என்றழைத்த அப்பகுதிக்கு வந்தோருள் இரு சாரார் குறிப்பிடத்தக்கவர்: ஆங்கிலப் படையில் ஊதியத்திற்குச் சேர்ந்த அயர்லாந்து வீரர் ஒருபால், அப்படையை ஒட்டி வணிகமும் தொழிலும் நாடிவந்த தமிழர் மறுபால். இருவர் வழித்தோன்றல்களும் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர்.

அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரில் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கேடுகளிற் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும், தண்டில் வாழ்ந்த வீரர் பலரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் பற்றிய பதிவுப் படிகள் சென்னை மாகாண ஏடுகளுடன் இலண்டன் சென்று, பிரித்தானிய நூலகத்தில் இன்றும் உள்ளன. தாயகத்தில் அழிந்த பெயர் அயலகப் பதிவில் வாழ்கிறது!

நம் நிலை வேறு. குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தையே நம்மிற் பலர் தாங்குகிறோம். தலைமுறைதோறும் அவ்வெழுத்து மாறுகிறது. மரபணுச் சோதனை கைகொடுக்குமோ எனின், அஃது உறவைக் காட்டுமேயன்றிப் பெயரைக் கூறாது. மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள்ளேயே மணந்த குடிகளில், தொலைவுச் சொந்தமும் நெருங்கிய சொந்தம்போல் அதிற் தோன்றும்.

பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் வழக்கமே நமக்கு வாய்த்த துணை. அத்துணையும் தேய்ந்துவரும் இந்நாளில், வீட்டுப் பத்திரத்தையும் பழைய திருமண அழைப்பிதழையும் போற்றிக் காப்போம். மூத்தோர் உள்ளபோதே கேட்டு, முன்னோர் பெயரை ஊர்ப்பெயருடன் எழுதி வைப்போம்.