தீர்க்கதரிசியை யார் சோதிப்பது?

1922-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மலபாரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. சட்டப் புத்தகங்களில் 'நாரந்தகத் எதிர் பரக்கல்' என்ற பெயரில் இருக்கும். ஒரு முஸ்லிம் கணவர் அகமதியா இயக்கத்தில் சேர்ந்துவிட்டார். இனி அவர் முஸ்லிம் இல்லை, ஆகவே கல்யாணம் முறிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மனைவி வேறொருவரை மணந்துகொண்டார். முறிந்தது உண்மை என்றால் அது சாதாரண மறுமணம். முறியவில்லை என்றால், கணவர் உயிரோடு இருக்கும்போதே இன்னொரு கல்யாணம். தண்டனைச் சட்டம் 494-ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை.

யோசிச்சுப் பாருங்க. பஞ்சாபில் காதியான் என்ற ஊரைச் சேர்ந்த, 1908-லேயே இறந்துபோன ஒருவர் சொன்ன வார்த்தையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் பொறுத்து, மலபாரில் ஒரு பெண் குடும்பப் பெண்ணா குற்றவாளியா என்பது முடிவாகும்.

அந்த ஒருவர் மிர்சா குலாம் அகமது. 1889-ல் இயக்கத்தைத் தொடங்கினார். 1891-ல், வருவார் என்று காத்திருக்கும் மசீஹும் மஹ்தியும் நான்தான் என்றார். பிறகு தன்னை ஒரு பொருளில் 'நபி' என்றும் சொல்லிக்கொண்டார். முகமது நபியே இறுதி நபி என்பது இஸ்லாத்தின் அடிப்படை. குர்ஆன் 33-ஆம் அத்தியாயம் 40-ஆம் வசனத்தில் 'நபிமார்களின் முத்திரை' என்ற சொல் வருகிறது. முத்திரை என்றால் கடுதாசியை மூடி அரக்கு வைப்பது, அதோடு முடிந்தது என்பது பெரும்பான்மை முஸ்லிம்களின் புரிதல். முத்திரை என்றால் அங்கீகாரம். அவருடைய வழியில் நின்று, புதிய சட்டம் எதுவும் கொண்டுவராத ஒரு நபி வரலாம் என்பது காதியான் தரப்பு. 1914-ல் இந்த இயக்கமே இரண்டாகப் பிரிந்தது. 'அவர் நபி இல்லை, சீர்திருத்தவாதி மட்டுமே' என்று லாகூர் பிரிவு தனியே போனது. சொந்த சீடர்களுக்குள்ளேயே தீராத கேள்வி.

சென்னை நீதிபதிகள் இந்தக் குழிக்குள் இறங்கவே இல்லை. அவர் நபியா இல்லையா என்று அவர்கள் கேட்கவில்லை. அவரை நம்புகிற ஒருவர் முஸ்லிம் என்ற வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறாரா என்று மட்டும் கேட்டார்கள். இறைவன் ஒருவனே, முகமது அவனுடைய தூதர் என்பதை அகமதியரும் ஏற்கிறார்கள். ஆகவே அது இஸ்லாத்துக்குள் ஒரு பிரிவு, மதமாற்றம் இல்லை, கல்யாணம் முறியவில்லை என்பது தீர்ப்பு. 1970-ல் கேரள உயர்நீதிமன்றத்தில் வி.ஆர். கிருஷ்ணய்யரும் இதே பக்கம்தான் நின்றார். பாகிஸ்தான் நாடாளுமன்றம் 1974-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி நேர் எதிராக முடிவு செய்தது.

நீதிமன்றம், நாடாளுமன்றம் எல்லாம் இருக்கட்டும். நம்புகிறவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? என்னை ரொம்ப நாளாகப் பிடித்துவைத்திருக்கும் கேள்வி அதுதான்.

அகமதியர்கள் முக்கியமாகக் காட்டும் அத்தாட்சி ஒரு கிரகண ஜோடி. மஹ்தி வரும்போது ஒரே ரமலானில் சந்திர கிரகணமும் சூரிய கிரகணமும் வரும் என்று தாரகுத்னியின் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. 1894 ரமலானில் மார்ச் 21 சந்திர கிரகணம், ஏப்ரல் 6 சூரிய கிரகணம். இரண்டும் காதியானில் தெரிந்தன. நாசாவின் கிரகணப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். தேதிகள் சரி.

ஆனால் அந்தச் செய்தியில், சந்திர கிரகணம் ரமலானின் 'முதல் இரவில்', சூரிய கிரகணம் 'நடுவில்' என்று இருக்கிறது. முதல் பிறையில் சந்திர கிரகணம் வரவே வராது, பௌர்ணமியில்தான் வரும். எதிர்த்தரப்பு சொல்வது: அதனால்தான் அது அடையாளம், நடக்கவே முடியாத ஒன்று நடக்க வேண்டும், நடக்கவில்லை. அகமதியர் சொல்வது: கிரகணம் வரக்கூடிய 13, 14, 15 ஆகிய மூன்று இரவுகளில் முதலாவது, 27, 28, 29 ஆகிய மூன்று நாட்களில் நடுவிலுள்ளது. 1894-ல் 13-ம் 28-ம்தான் வந்தன.

இப்போ கணக்குக்கு வருவோம். (பொறியியல் படிச்சவனுக்கு இந்த இடத்தில் கை சும்மா இருக்காது.) கிரகணப் பருவம் சுமார் 173 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு பருவத்தில் சந்திர, சூரிய கிரகணங்கள் இரண்டு வார இடைவெளியில் ஜோடியாக வருவது சகஜம். ஹிஜ்ரி ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள், இரண்டு பருவங்களுக்கு 347 நாள். வருஷத்துக்கு ஏழெட்டு நாள் நகர்வு. ஆக, சுமார் 22 வருஷத்துக்கு ஒரு தடவை ரமலான் கிரகணப் பருவத்தோடு ஒத்துப்போகும், அப்போது சில வருஷம் தொடர்ந்து ஜோடிகள் வரலாம். 1895 ரமலானிலும் மார்ச் 11, 26-ல் ஒரு ஜோடி வந்தது, ஆனால் இந்தப் பக்கம் இல்லை, அமெரிக்கப் பக்கம். எதிர்ப்பவருக்கு இது 'பார்த்தீங்களா, அடிக்கடி வரும் சமாசாரம்தான்' என்பதற்குச் சான்று. நம்புகிறவருக்கு 'பூமியின் இரண்டு பக்கமும் சாட்சி சொல்லிவிட்டது' என்பதற்குச் சான்று. ஒரே ஊரில் இரண்டும், குறிப்பிட்ட அந்தத் தேதிகளில், அதுவும் உரிமை கோரும் ஆள் உயிரோடு இருக்கும்போது தெரிவது நிச்சயம் அரிது. எவ்வளவு அரிதாக இருந்தால் போதும் என்பதை வானியல் சொல்லாது.

எனக்குத் தோன்றுவது இது. நம்பிக்கையாளர் யாரும் ஒரு உரிமைகோரலை வெற்றுத் தரையில் வைத்துச் சோதிப்பதில்லை. முதலில் தன் மரபில் அந்த ஆளுக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் அடையாளங்களைப் பெருந்தன்மையோடு வாசிக்கிறார். இல்லையென்றால் எந்தக் கிரகணம் வந்தும் பிரயோஜனமில்லை. பைபிளிலேயே உபாகமம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. 18-ஆம் அதிகாரத்தில், சொன்னது நடக்காவிட்டால் அவன் பொய்யன். ஆனால் அதற்கு முன்னாலேயே 13-ஆம் அதிகாரத்தில், சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும் வேறு தெய்வத்தின் பின்னால் கூப்பிட்டால் கேட்காதே. அதாவது அற்புதம் இரண்டாம் பட்சம்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் பைபிள் 'தீர்க்கதரிசி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. நெடுந்தூரம் பார்ப்பவர். வருவதை முன்கூட்டிச் சொல்வதுதான் அவர் வேலை என்று சொல்லே சொல்லிவிடுகிறது. அரபியின் நபி, எபிரேயத்தின் நவி இரண்டும் ஒரே வேர். அங்கே அழுத்தம் இறைவனிடமிருந்து செய்தி கொண்டு வருவதில். 'சொன்னது பலிச்சுதா?' என்று நாம் உடனே கேட்பதில் இந்தச் சொல்லுக்கும் பங்கு இருக்கலாம்.

பலிக்காமல் போனதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1860-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிறிஸ்டியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற ஊழியரின் சபையில் எழுப்புதல் உண்டானது. அந்நிய பாஷை, தரிசனம், தீர்க்கதரிசனம் எல்லாம். வெள்ளைக்கார மிஷன் சம்பளம் இல்லாத சபை என்பதால் மிஷனரிகளுக்குக் கொஞ்சம் சந்தேகம், கொஞ்சம் வியப்பு. அந்த அலை திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் இருந்தார். தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-ல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். குருவானவர். 'வித்வான் குட்டி' என்றால்தான் கேரளத்தில் தெரியும். 1870களில் எழுப்புதலை நடத்தினார். பிறகு ஆறு வருஷத்தில் கிறிஸ்து திரும்பி வருவார், 1881 அக்டோபர் என்று அவருடைய கூட்டம் அறிவித்தது. சி.எம்.எஸ். உறவு முறிந்தது, தனிச் சபை உண்டானது.

அக்டோபர் வந்தது. யாரும் வரவில்லை.

உபாகமம் 18-ஐ மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்த விதிப்படி அன்றைக்கே கடையைச் சாத்தியிருக்க வேண்டும். நிறையப் பேர் பழைய சபைகளுக்குத் திரும்பவும் செய்தார்கள். மிச்சமிருந்தவர்கள் யுயோமயம் என்று பெயர் வைத்து, அந்த 1881-லிருந்தே ஒரு புதிய சகாப்தத்தை எண்ணத் தொடங்கினார்கள். வருகை நடந்தது, கண்ணால் பார்க்கும் விதத்தில் அல்ல என்பது விளக்கம். லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த மாதிரி மனப்போக்கைப் பற்றி 1956-ல்தான் புத்தகம் எழுதினார். ஜஸ்டஸ் ஜோசப் 1887-ல் இறந்துவிட்டார். விசித்திரம் என்னவென்றால் அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளை, அவருடைய தீர்க்கதரிசனத்தை நிராகரித்த சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. ஆளைத் தள்ளிவிட்டு அவர் பாட்டை வைத்துக்கொள்வதும் ஒரு வகைத் தீர்ப்புதான்.

அதே திருவிதாங்கூரில், அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், தென்கோடியில் முத்துக்குட்டி. பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரை மேல்சாதியார் எதிர்த்ததால் மாற்றப்பட்ட பெயர் அது. 1833-ல் திருச்செந்தூர்க் கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராக, நாராயணரின் மகனாக வெளியே வந்தார் என்பது அய்யாவழி நம்பிக்கை. வைணவ மரபில் நாற்காலிக்குப் பஞ்சமே கிடையாது. அவதாரம் வரலாம், கலி முடிவில் வந்தே ஆகணும். பிரச்சினை வந்தது வேறு இடத்தில்: நாராயணர் போயும் போயும் சாணார் குடியிலா வருவார்? சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. பட்டினி போட்ட புலியின் கூண்டில் தள்ளியதையும், புலி அவரைத் தொடாததையும் அகிலத்திரட்டு அம்மானை விவரிக்கிறது. 1839-ல் விட்டுவிட்டார்கள்.

அந்தப் புலிச் சோதனையை நான் இப்படிப் பார்க்கிறேன்: புலி தின்றிருந்தால் பொய்யன் என்று நிரூபணம். தின்னாமல் விட்டபோது மட்டும் அரசன் சீடனாகிவிட்டாரா? இல்லையே. ஒரே ஒரு விடையை மட்டும் ஏற்கிற பரீட்சை அது. மறுபக்கம், சாமித்தோப்பில் கூடிய சனங்களுக்குப் புலி தேவைப்படவில்லை. தலைப்பாகை கட்டக் கூடாதவர்களைத் தலைப்பாகையோடு வழிபடச் சொன்னார். சாதி பார்க்காமல் ஒரே கிணற்றில் குளிக்கவைத்தார். துவையல் பந்தியில் எழுநூறு குடும்பங்கள் சேர்ந்து நோன்பிருந்தன. கருவறையில் கண்ணாடி. அவர்களுடைய சோதனைச்சாலை அதுதான். லண்டன் மிஷன்காரர்களுக்கோ வேறு எரிச்சல். தாங்கள் கூட்டிச் சேர்க்கும் அதே சனத்தை முத்துக்குட்டி மார்க்கம் இழுத்துப்போகிறது என்று அவர்கள் அறிக்கைகளில் புலம்பல். கடலில் மூன்று நாள் இருந்து மீண்டார் என்பதை நம்பாத அவர்கள், மீன் வயிற்றில் யோனா மூன்று நாள் இருந்ததைப் போதித்தவர்கள். தன் வீட்டு அற்புதத்துக்கு ஒரு தராசு, அடுத்த வீட்டுக்கு ஒரு தராசு. இது மிஷனரிகளுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

சைவத்தில் நாற்காலிச் சண்டை இன்னும் அப்பட்டம். வள்ளலாரின் பாடல்கள் 1867-ல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சானபோது ஆறுமுக நாவலர் பொங்கியெழுந்தார். அருட்பா என்றால் திருமுறைகள்தான், உயிரோடிருக்கும் ஒருவர் பாடியதைத் தேவாரத்தோடு எப்படி வைப்பது? விவகாரம் 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட் வரை போனது. நபித்துவம் என்ற சொல் எங்குமே வரவில்லை. ஆனால் 'அருள் வாக்கு முடிந்துவிட்டதா, தொடர்கிறதா' என்ற கேள்வி காதியான் விவகாரத்தின் கேள்வியேதான்.

வாழ்க்கையைப் பார்த்து எடைபோடும் மரபும் பழசுதான். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் திதகே என்ற சிறு கையேட்டில் இதற்கு நடைமுறை விதிகள் உண்டு: வந்தவர் மூன்று நாள் தங்கினால் பொய்த் தீர்க்கதரிசி. பணம் கேட்டால் பொய்யர். ஆவியில் நிறைந்து 'பந்தி போடுங்கள்' என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து சாப்பிட்டால் பொய்யர். நாலு பேரிடம் ஏமாந்த ஊர்க்காரர்கள்தான் இப்படி எழுதமுடியும். இஸ்லாத்தில் இமாம் கஸ்ஸாலி இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். கைத்தடி பாம்பானது, நிலவு பிளந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, அது வித்தையோ என்ற சந்தேகம் வரும். கொஞ்சம் மருத்துவம் படித்தவனுக்கு காலன் மருத்துவர் என்று தெரிவதைப்போல, நபித்துவம் என்றால் என்னவென்று உணர்ந்தவனுக்கு நபியைத் தெரியும் என்கிறார். அழகான வாதம். ஆனால் இதை ஒத்துக்கொண்டால், வெளியே நிற்பவருக்கு நிரூபிக்க வழியே இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

இதையே உலகளவில் விவாதித்த கூட்டம் எங்கள் பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனில் நடந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். 1938 டிசம்பர், தாம்பரம், சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, சர்வதேச மிஷனரி மாநாடு. ஹாலந்துக்காரர் ஹெண்ட்ரிக் கிரேமர் இதற்கென்றே எழுதிய புத்தகத்தில், கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் மற்ற மதங்களுக்கும் தொடர்ச்சி கிடையாது என்றார். அந்தக் கல்லூரியில் பல வருஷம் இருந்த ஏ.ஜி. ஹாக் மறுத்தார். இந்து நண்பர்களிடம் பார்த்ததும் நிஜமான விசுவாசமே, கடவுள் அதற்குப் பதில் தருகிறார் என்பது அவர் கட்சி.

சென்னைக் கிறிஸ்தவர்கள் சிலர் அதே வருஷம் கிரேமருக்குப் பதிலாக ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். அதில் எழுதிய பி. செஞ்சய்யா புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதி. சாட்சியத்தை எடைபோடுவதே தொழில். அவர் கிறிஸ்துவைப் படைப்பில் தோன்றிய ஒரு புதுசு என்று பார்த்தார். மனிதனை அப்படிப் புதிதாக்குகிற சக்தி வேறெங்கே இருக்கிறது என்று தேடவும் தயங்கவில்லை. கிறிஸ்தவராக இருந்துகொண்டே, கும்பகோணத்து மாஸ்டர் சி.வி.வி.யின் யோகத்தைக் கையில் எடுத்தார்.