திரையில் ஒரு போர், மணலில் ஒரு போர்

மார்கழி இரவுகளில் திருக்காட்டுப்பள்ளியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பகலெல்லாம் காதில் விழாத இரயில் ஓசை, ஊர் அடங்கிய பின் பூதலூர்ப் பக்கமிருந்து தெளிவாகக் கேட்கும். இடையே பல கிலோமீட்டர் வயல்வெளி. ஊரின் அமைதி மட்டும் இதற்குக் காரணமன்று. இரவில் தரை விரைவில் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே உள்ள காற்றோ சற்று வெப்பமாகவே இருக்கிறது. வெப்பக் காற்றில் ஒலி விரைந்து செல்லுமாதலால், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே வந்து சேருகிறது.

1971 டிசம்பர் 4-ஆம் நாள் இரவு. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள். இராஜஸ்தான் பாலைவனத்தில் எல்லையோரம் ரோந்து சென்ற லெப்டினன்ட் தரம்வீரின் குழுவுக்கும் முதலில் எட்டியது ஓசைதான்: எதிரியின் டாங்கிகள் வரும் ஓசை. லோங்கேவாலா காவல் நிலையில் இருந்தவர்கள் 23-ஆவது பஞ்சாப் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 120 பேர். தலைவர் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. எதிரே வந்தவை ஏறத்தாழ 40 டாங்கிகள். உடன் 2000 வீரர்கள்.

இந்தப் போரைத்தான் ஜே. பி. தத்தா 1997-இல் 'பார்டர்' என்று இந்தியில் படமாக்கினார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த மாணவர் ஒருவர், "நிஜமாகவே இப்படித்தான் நடந்ததா, சார்?" என்று வகுப்பில் கேட்டார். பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம்.

டி-59 டாங்கியின் 100 மில்லிமீட்டர் பீரங்கியிலிருந்து கவசம் துளைக்கும் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஒலியின் வேகம் 340 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து சுட்டால், குண்டு ஒன்றேகால் வினாடிக்குள் வந்து விழும். சுட்ட ஓசை வந்து சேர மூன்று வினாடியாகும். முதலில் மின்னல் போன்ற ஒளி, பிறகு குண்டு, கடைசியில்தான் ஓசை. திரைப்படங்களிலோ ஒளியும் ஓசையும் ஒன்றாகப் பிறக்கின்றன. 'உய்ங்' என்ற சத்தம் கேட்டு வீரர் தரையில் பாய்ந்து தப்புகிறார். உயரே எழும்பி மெதுவாக இறங்கும் மார்ட்டர் குண்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். டாங்கிக் குண்டு அப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

படம் எடுப்பவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓசையைச் சரியாக மூன்று வினாடி பிந்தவிட்டால், டூரிங் கொட்டகைக் காலத்து நம் ரசிகர்கள் ஆபரேட்டரை நோக்கி விசிலடித்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய வேறுபாடு காத்திருத்தலில் இருக்கிறது. அன்றிரவு ஜெய்சால்மரிலிருந்த ஹண்டர் விமானங்களுக்கு இருளில் தாக்கும் வசதி இல்லை, விடிந்தால்தான் உதவி. இதைப் படமும் மறைக்கவில்லை. ஆனால் விடியும் வரையிலான பொழுதைப் படம் கைகலப்புகளாலும் வீர வசனங்களாலும் நிரப்புகிறது. உண்மையில் அந்த இரவின் பெரும் திருப்பம், பார்க்கப்போனால், ஒரு முள்கம்பி! காவல் நிலையைச் சுற்றியிருந்த மெல்லிய கம்பி வேலியைக் கண்டதும் கண்ணிவெடி புதைத்திருப்பதாக எண்ணி எதிரிகள் நின்றுவிட்டார்கள். அதைச் சோதித்துப் பார்ப்பதிலேயே விலைமதிப்பற்ற நேரம் கழிந்தது. பாதையை விட்டு விலகிய டாங்கிகள் மணலில் சிக்கின. 36 டன் எடையுள்ள வண்டிக்கு மணல் என்பது, கேஜ் வீல் இல்லாத டிராக்டருக்கு நம் நடவு வயல் போல. பொழுது புலர்ந்ததும் ஹண்டர்கள் வந்தன. மறைவிடம் இல்லாத வெளியில் டாங்கிகள் வரிசையாக அழிந்தன. வெற்றியில் தரைப்படையின் பங்கு எவ்வளவு, விமானப்படையின் பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை ஓய்வுபெற்ற அதிகாரிகளிடையே நெடுங்காலம் நடந்தது. ஒரு படத்தால் அதைத் தீர்க்க முடியாது.

படத்தில் நம் வீரர்கள் பலர் மடிகிறார்கள். உண்மையில் லோங்கேவாலாவில் இறந்த நம் வீரர்கள் இருவர். இத்தனை குறைவான இழப்புடன் நிலையைக் காத்ததற்காகச் சாந்த்புரியை மெச்ச வேண்டும். அவருக்கு மகாவீர் சக்கரமும் கிடைத்தது. ஆனால் கண்ணீர் இல்லாமல் படம் முடியக் கூடாது என்று எண்ணினார்கள் போலும். படத்தில் தரம்வீர் இறக்கிறார். உண்மையான தரம்வீர் போருக்குப் பின்னும் படையில் பணியாற்றிக் கர்னலாக ஓய்வு பெற்றவர். எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த பைரோன் சிங்கும் படத்தில் இறந்துபோகிறார். சுனில் ஷெட்டி தம் வேடத்தில் நடித்தது பைரோன் சிங்குக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தம்மை இறந்தவராகக் காட்டியது சரியன்று என்று அவர் சொல்லியிருக்கிறார். படம் வெளிவந்து 25 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 19 அன்று, ஜோத்பூரில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.