மன்னாரில் விளையாட்டும் பொழுதுபோக்கும்: எங்கே, எப்போது போகலாம்?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளும், வவுனியா, யாழ்ப்பாணம் பக்கமிருந்து ஒருநாள் பயணமாக வருவோரும் மன்னாரில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" பெரிய பொழுதுபோக்குப் பூங்காவோ, பல திரைகள் கொண்ட சினிமா வளாகமோ இங்கே இல்லை. மைதானம், கோயில் முற்றம், கடற்கரை, குளக்கட்டு ஆகியவைதான் மன்னார்ச் சனங்கள் காலங்காலமாகப் பொழுதைக் கழித்த இடங்கள். பெரும்பாலானவற்றுக்கு நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆனால் போர்க்காலத்தில் இவற்றில் பல எங்கள் கைக்கு எட்டாமற் போயின. சில இன்னமும் எட்டவில்லை. அதனால் எங்கே, எப்போது போகலாம் என்பதோடு, அந்த இடம் யாருக்கு எப்போது மூடப்பட்டது என்பதையும் இக்கட்டுரை சொல்கிறது.

உதைபந்தாட்ட மைதானங்கள்

மன்னாரின் முதல் விளையாட்டு உதைபந்தாட்டம். கரையோர ஊர்களில் கழகம் இல்லாத ஊரைக் காண்பது கடினம். பள்ளிமுனையின் சென். லூசியாஸ் கழகத்தைப் போல, பல கழகங்கள் ஊர்க் கோயிலின் பாதுகாவலர் பெயரையே தாங்கியிருக்கின்றன. நகரில் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி பாடசாலை மட்டத்தில் உதைபந்தாட்டத்துக்குப் பெயர்பெற்றது.

நகரின் பொது விளையாட்டு மைதானத்திலும் ஊர் மைதானங்களிலும் ஆட்டங்கள் பெரும்பாலும் வெயில் தணிந்த பின்னரே தொடங்கும். எந்த மைதானத்தில் என்ன ஆட்டம் என்பதை அறிய முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவரிடம் கேட்டாலே போதும். இரண்டு அயலூர்கள் மோதும் ஆட்டமென்றால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

ஒரு ஊர் கலையும்போது அதன் அணியும் கலைகிறது. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட மாவட்டத்தின் முஸ்லிம் ஊர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. அந்த மக்களில் பெருந்தொகையினர் புத்தளம் முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். தமிழ் ஊர்களும் இராணுவ நடவடிக்கைகளால் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தன. மாலையில் மைதானத்தில் இரண்டு முழு அணிகள் இறங்கி நிற்கின்றன என்றால், அந்த ஊர்களில் மீண்டும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கூத்தும் பாஸ்கும்

மன்னார் நாட்டுக்கூத்தில் இரண்டு மரபுகள் உண்டு: யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு. விடிய விடிய ஆடப்படும் நீண்ட ஆட்டத்தை நாடகம் என்றும், அதன் சுருக்க வடிவத்தை வாசகப்பா அல்லது வாசாப்பு என்றும் அழைப்பர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் (1964), மூவிராசர் நாடகம் (1966), ஞானசவுந்தரி நாடகம் (1967) ஆகிய மூன்றும் மன்னார் மண்ணின் கூத்துகள்.

இவற்றுக்கென நிரந்தர அரங்கு கிடையாது. கோயில் முற்றமே களம். திருவிழாக் காலத்தில் ஊரில் விசாரித்தால் கூத்து உண்டா என்பது தெரிந்துவிடும். தவக்காலத்தில் வருவோர் பாஸ்கு பார்க்கலாம். திருப்பாடுகளின் காட்சிகளை ஆளுயர உருவங்களைக் கொண்டு காட்டும் உடக்குப்பாஸ் மரபுக்குப் பேசாலை பெயர்பெற்றது. பேசாலையின் வெற்றி மாதா ஆலயம், 2006 ஜூன் 17ஆம் திகதி மக்கள் தஞ்சம் புகுந்திருந்த வேளையில் தாக்குதலுக்கு உள்ளான ஆலயம். அங்கே போகிறவர்கள் அதை மனத்தில் வைத்து நடந்துகொள்வது நல்லது.

கோட்டையும் பெருக்க மரமும்

பெருநிலத்தையும் தீவையும் இணைத்த பழைய பாலம் 1990இல் தகர்க்கப்பட்டது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட இன்றைய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்ததும் கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றி, 1696இல் திருத்திக் கட்டிய நாற்கோணக் கோட்டை இது. நான்கு கொத்தளங்களும் ஒரு தேவாலய இடிபாடும் உள்ளே உள்ளன. கொத்தளத்தின் மேலே ஏறினால் கடல்நீரேரி முழுவதும் தெரியும். சிறு பிள்ளைகளைக் கைப்பிடித்தே ஏற்றுங்கள்.

பள்ளிமுனை வீதியில் நிற்கும் பெருக்க மரத்தின் அடிச் சுற்றளவு சுமார் 19.5 மீற்றர். உயரம் குறைவு, பருமன் அதிகம். ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த இனத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்தனர் என்பது பொதுவான நம்பிக்கை. மரத்தில் பெயர் செதுக்கவேண்டாம்.

தலைமன்னார்

நகரிலிருந்து தீவின் மறுமுனைக்குச் சுமார் 30 கிலோமீற்றர். 1914இல் இந்த வழியே இந்திய–இலங்கை ரயில், கப்பல் சேவை தொடங்கியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. 1990இல் ரயிலும் நின்றது. 25 ஆண்டுகளுக்குப் பின், 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் மீண்டும் வந்தது.

இறங்குதுறையும் பழைய வெளிச்சவீடும் மாலையில் பார்க்க உகந்தவை. அப்பால் இராமர் பாலத்தின் மணல்திட்டுகள் உள்ளன. அப்பகுதி 2015 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அத்துடன் சர்வதேசக் கடல் எல்லையும் அருகில் உள்ளதால் அனுமதியின்றிப் படகேறக்கூடாது. கப்பல் நின்றபின் எம்மவரில் ஆயிரக்கணக்கானோர் இந்தக் கரைகளில் இருந்துதான் இரவில் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். அன்று படகில் இருந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கடலைக் காட்ட வருகிறார்கள்.

கடற்கரையும் காற்றும்

நகருக்கு அருகில் குடும்பமாகப் போக ஏற்றது கீரிக் கடற்கரை. ஆனால் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் ஊர்க்காரரிடம் கேட்காமல் பிள்ளைகளைக் குளிக்க இறக்கவேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். பட்டத்தின் இழுவையில் நீர்மேல் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டவர் தலைமன்னார்ப் பக்கம் வருவது அந்தக் காற்றுக்காகத்தான்.

அதே காற்றுக்காக 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்நிலையமும் தென்கரையில் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் வருவதையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து 2025 ஓகஸ்டில் தீவு மக்கள் வீதியில் இறங்கினர். கரைவலை இழுக்கும் கரையும் பிள்ளைகள் விளையாடும் மணலும் என்னவாகும் என்ற அச்சம் அந்தப் போராட்டத்தில் இருந்தது.

பறவைகளும் குளமும்

பாலத்துக்கு இப்பால், பெருநிலப் பக்கம், வங்காலைப் பறவைகள் சரணாலயம் உள்ளது. 2008இல் சரணாலயமாகவும், 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த றம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டயர். மத்திய ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளையும் பூநாரைக் கூட்டங்களையும் வீதியோரமாக நின்றே பார்க்கலாம். கூச்சல் போடாமல், காலையிலேயே போங்கள்.

மதவாச்சி வீதியில் முருங்கன் பக்கம் கட்டுக்கரைக்குளம். மன்னாரின் நெல்வயல்களுக்கு நீர் கொடுக்கும் பழம்பெரும் குளம் இது. மாலையில் குளக்கட்டில் நடப்பது செலவில்லாத இன்பம்.

தெற்குக் கரை

சிலாவத்துறை வீதியில் அரிப்பு வரும். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801–1804 காலத்தில் கட்டிய மாளிகையை ஊர்ச் சனம் அல்லிராணி கோட்டை என்கிறது. கடலரிப்பால் அது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. விளிம்புக்குப் போகவேண்டாம்.

இன்னும் தெற்கே முள்ளிக்குளம். 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட அந்த மக்களின் வீடுகள் இருந்த பகுதி கடற்படைத் தளத்துக்குள் அகப்பட்டது. 2017இல் ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் போராடிய பின்னர் சுமார் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அந்தக் கரையில் முன்பு விளையாடிய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். தெற்குக் கரையின் அழகைப் படம்பிடித்துப் பகிர்வோர் முள்ளிக்குளத்தின் பெயரையும் சேர்த்து எழுதலாம்.

எப்போது வரலாம்?

ஒக்டோபர் முதல் மார்ச் வரை: வலசைப் பறவைகள். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மழைமாதங்கள்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை: மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் பெருங்கூட்டம். தவக்காலப் பாஸ்கு.

ஜூலை, ஓகஸ்ட்: புலம்பெயர் உறவுகள் அதிகம் வரும் காலம். பூநாரைக் கூட்டங்களை எதிர்பார்க்கவேண்டாம். காற்றும் வெயிலும் கடுமை. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டித் தங்குமிடம் கிடைப்பது அரிது. முன்கூட்டியே பதியுங்கள்.

ரயில் நேரங்கள் அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் நிலையத்தில் விசாரியுங்கள். குடிநீர், தொப்பி கட்டாயம். சாப்பாட்டை ஊர்க் கடைகளில் வாங்குங்கள். கருவாடும் பனம்பண்டங்களும் ஊர்ப் பெண்களிடம் நேரடியாக வாங்கினால் காசு அவர்கள் கைக்கே போய்ச்சேரும்.