ஒரேகான்: இடம் விட்டு இசைத்தவர்கள்

இசைக்குழுக்களின் ஆயுள் பெரும்பாலும் குறுகியது. மனக்கசப்பு சிலவற்றைப் பிரிக்கிறது; மரணம் சிலவற்றை முடித்துவைக்கிறது. 1970இல் அமெரிக்காவில் உருவான ஒரேகான், இழப்புகளையும் கடந்து 2017இல்கூடப் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்ட குழு. அதன் நீண்ட ஆயுளுக்கான காரணத்தை அதன் இசையிலேயே தேடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ரால்ஃப் டவுனரும் (கிதார், பியானோ) கிளென் மூரும் (பாஸ்) ஒரேகான் பல்கலைக்கழகத்தில் நண்பர்களானவர்கள். பின்னர் பால் விண்டர் கன்சார்ட் என்ற குழுவில் பால் மெக்கேண்ட்லெஸ் (ஓபோ), காலின் வால்காட் ஆகியோருடன் இணைந்து வாசித்தனர். அக்குழுவுக்காக டவுனர் இயற்றிய 'இக்காரஸ்' என்னும் படைப்பின் பெயரை, 1971இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலவின் பள்ளம் ஒன்றுக்குச் சூட்டினர். நால்வரும் தனியே அமைத்த குழுவே ஒரேகான்.

வால்காட், ரவிசங்கரிடம் சிதாரும் அல்லா ரக்காவிடம் தபேலாவும் பயின்றவர். அறுபதுகளின் மேற்கத்திய ராக் பாடல்களில் சிதார் பெரும்பாலும் நறுமணப் பொருளாகவே தூவப்பட்டது. ஒரேகானில் அது உரையாடலில் பங்குபெறும் குரலாயிற்று. ஜாஸ் குழுக்களின் வழக்கமான டிரம்ஸ் தொகுதி அங்கில்லை. தபேலாவும் பன்னிரு தந்திக் கிதாரும் ஓபோவும் ஒன்றையொன்று அமுக்காமல் ஒலிக்க, ஒவ்வொருவரும் மற்றவருக்கு இடம் விட வேண்டியிருந்தது. 1972இல் வெளியான 'மியூசிக் ஆஃப் அனதர் பிரசன்ட் எரா' தொகுப்பைக் கேட்போர் இதை உணர்வர். கலப்பிசை என்ற பெயரில் பலவற்றை அள்ளிக் கொட்டுவோர் மறந்துவிடுவது இந்த அடக்கத்தைத்தான்.

1984 அக்டோபரில் 'கிராஸிங்' தொகுப்பைப் பதிவுசெய்தனர். அடுத்த மாதம் 8ஆம் தேதி, இசைப்பயணத்தின்போது கிழக்கு ஜெர்மனியில் நேர்ந்த சாலை விபத்தில் வால்காட் மாண்டார். அவருக்கு வயது 39. அத்தொகுப்பு வெளிவந்தபோது அவர் இல்லை.

குழு கலைந்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். மாறாக, மும்பையைச் சேர்ந்த திரிலோக் குர்ட்டு வந்தார். அவர் சிதார் கலைஞரல்லர்; தபேலாவோடு டிரம்ஸையும் இணைத்துத் தமக்கேயுரிய தாளமுறையை உருவாக்கியவர். மறைந்தவரின் நகலாக அன்றி, வேறொரு குரலாகவே அவர் ஒலித்தார். 1987இல் வந்த 'ஈகோடோபியா' அதற்குச் சான்று. அவர் விலகியபின் சில காலம் மூவராகவே வாசித்தனர். பின்னர் மார்க் வாக்கர் டிரம்ஸுடன் வந்தார்.

இசைக்கும்போது ஒருவருக்கொருவர் இடம் விடப் பழகியவர்களுக்கு, ஓரிடம் வெறுமையானபோதும் அதை மதிக்கத் தெரிந்திருந்தது. ஒரேகானின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.